கடைசியில் வைக்க வேண்டியது

கம்பைல் எல்லாம் முடிந்துவிட்டது.
பதினேழு கோப்பு, ஓர் எச்சரிக்கைகூட இல்லை.
நீடாமங்கலம், உரக்கடை மாடி, இரவு ஒன்றரை.
யூரியா வாடை படியேறி வந்து
பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.

பிறகு லிங்கர் வாயைத் திறந்தது.

லிப்சி கிடைக்கவில்லையாம்.
இதோ இருக்கிறதே, மடிக்கணினியின் வயிற்றிலேயே.
பார்த்தேன், ஒவ்வாது, தாண்டிப் போகிறேன் என்கிறது,
காபி குடித்துவிட்டு எழுந்துபோன
மாப்பிள்ளை வீட்டார் மாதிரி.
என் இன்டெல் வீட்டுச் சரக்கு
மதகுக் கம்பத்தில் தொங்கப்போகும்
தீப்பெட்டி அளவு ஆர்ம் பலகைக்கு ஆகாது.
சிஸ்ரூட்டுக்கு வழி மாற்றிக் கொடுத்தேன்.

அடுத்தது தசமப் புள்ளிச் சண்டை.
கூத்தாநல்லூரிலிருந்து நஸ்ரின் போனில்:
“உன் கோடு ஹார்ட் ஃப்ளோட்,
சென்சார்காரன் கொடுத்தது சாஃப்ட்.
ரெண்டையும் ஒரே பந்தியில உட்கார வைக்காதே.
சோர்ஸைக் கேட்டு வாங்கி நீயே கட்டு.”
கேட்டேன்.
மறுநாள் மதியம் ஜிப் வந்தது.
அதன் கடவுச்சொல் சாயங்காலம் வந்தது.

இரண்டாம் இரவு.
மிச்சம் ஒரே ஒரு பிழை.
மதகடியில் பாயும் நீரைக் கணக்கிட
எனக்கு வேண்டியது ஒரு வர்க்கமூலம்.
அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்:
பெயர் தெரிகிறதாம், வீடு தெரியவில்லையாம்.
கணித லைப்ரரியைத்தான்
கட்டளையின் தலையிலேயே வைத்திருக்கிறேனே,
கௌரவமாய்.

“அங்கதான் தப்பு” என்றாள்.
“அது இடமிருந்து வலம் ஒரே தடவைதான் நடக்கும்.
லைப்ரரியைக் கடக்கும்போது
யாரும் எதுவும் கேட்கலை, எடுக்காமப் போயிடுச்சு.
அப்புறம் கேட்டா திரும்பி வராது.
கேட்கிறவன் முன்னால,
கொடுக்கிறவன் கடைசியில.”

இங்கே தண்ணீர் நேர்மாறு.
கொடுப்பது மேலே மேட்டூரில்,
கேட்பவர்கள் கீழே, வரிசையாய், கடைமடை வரை.
ஆனால் அதுவும் திரும்பி வராது.

ஒரு கோடு, இரண்டு எழுத்து.
வரியின் வாலுக்கு நகர்த்தினேன்.
லிங்கர் எதுவும் பேசவில்லை.
அது பேசாவிட்டால் சம்மதம்.

விடிந்ததும் வாய்க்கால் மதகில் பலகையைக் கட்டினேன்.
லஸ்கர் வைரக்கண்ணு ஏணியைப் பிடித்துக்கொண்டார்.
திரை இரண்டுமுறை மினுக்கி
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் என்றது.
ஏணியிலேயே எனக்குக் கால் நடுங்கியது.
இன்னும் எது இணையவில்லை?

அவர் எட்டித் திரையைப் பார்த்தார்.
குனிந்து வாய்க்காலைப் பார்த்தார்.
வெடித்த வண்டல், ஒற்றைச் செருப்பு, ஓர் ஆட்டுக்குட்டி.

“கரெக்டாத்தானே காட்டுது.
தண்ணி இன்னும் கல்லணையே தாண்டல.”