உலர் எடை

ஜாபிருவில் மார்ச். வெள்ளம் இன்னும் வடியவில்லை.
அலுமினியப் படகின் முனையில் டெஸ்மண்ட்.
தண்ணீரைப் பார்ப்பதுதான் அவன் வேலை:
முதலைக்கு அவன், தாமரைக்கு நான்.

மீட்டருக்கு மீட்டர் பிளாஸ்டிக் குழாய்ச் சட்டம்.
உள்ளே அகப்பட்டதைத் தண்டோடு அறுத்து
பையில் திணித்து எண் எழுத வேண்டும்.
எண்பது டிகிரி அடுப்பில் இரண்டு நாள்.
போன மாதம் தராசு சொன்னது
நானூற்றுப் பன்னிரண்டு கிராம்.

சொன்னது பொய்யில்லை.
ஆனால் அன்றைக்குச் சிவப்பு நூல் கட்டிவிட்ட
முப்பது இலைகளில்
இன்று தேடிக் கிடைத்தவை நான்கு.
மற்றவை விரிந்து வெயில் குடித்துக்
காம்பு அழுகி
அடிச் சேற்றில் இறங்கிவிட்டன,
எந்தத் தட்டிலும் ஏறாமல்.

நிற்பதை மட்டும் நிறுத்தால்
குளத்துக்கு நாம் கடன்.
இலை எத்தனை நாள் இருந்தது,
அதற்குள் எத்தனை பேர் வந்துபோனார்கள்,
போனவர்களையும் கூட்டு என்கிறது சூத்திரம்.
கூட்டினால் ஐந்து மடங்கு.
எனக்கே நம்பிக்கை வர ஒரு வாரம் ஆயிற்று.

சட்டத்தைத் தூக்கப் போகிறேன்.
விளிம்புக் குழாயை ஒட்டி
சுருள் பிரியாத இலையொன்று
உள்ளே பாதி, வெளியே பாதி.
கணக்கில் உண்டா, இல்லையா?

"சீக்கிரம் எழுது" என்கிறான் டெஸ்மண்ட்,
திரும்பாமலே.
அரை என்று எழுதுகிறேன்.