வரி முடியும் இடம்

வியாழன் மாலை ஏழு மணி.
வுப்பர்டாலில், சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே,
கிரீஸ் வாசனை படியேறி வரும் அறையில்
நாங்கள் ஐந்து பேர், நான்கு கணினிகள்,
பதினோராயிரத்து இருநூற்று ஆறு நாட்டுப்பாடல்கள்.
சம்பளம் கிடையாது. கேக் உண்டு,
அதுவும் கெர்லிண்டேயின் முறையாக இருந்தால்.

ஜன்னலுக்கு வெளியே தொங்கு ரயில்
தண்டவாளத்தைத் தலையில் வைத்துக்கொண்டு
ஆற்றின் மேல் போகிறது.

எக்கெஹார்ட் இதை எழுதியது எண்பத்தொன்பதில்.
கறுப்புத் திரை, பச்சை எழுத்து.
இப்போது எல்லாக் கணினியிலும் திறக்க வேண்டுமாம்.
ஆனால் ஒரு வரி எப்படி முடிகிறது என்பதிலேயே
கணினிகளுக்குள் ஒற்றுமை இல்லை:
ஒன்று ஓரத்துக்குத் திரும்பிப் பிறகு கீழே இறங்கும்,
ஒன்று திரும்பும், இறங்காது,
ஒன்று இறங்கும், அதோடு சரி.
உல்ரிகேயின் திரையில் ஒரு தாலாட்டு
மாடிப்படியாய்ச் சரிந்து வெளியே போயிற்று.
நுராயின் திரையில் அதே தாலாட்டு
மூச்சுவிடாத ஒற்றை வரி.
எந்தக் குழந்தை தூங்கும்?

அவருடைய அன்றைய விசைப்பலகையில்
தலையில் இரட்டைப் புள்ளி வைத்த உயிரெழுத்துகள் இல்லை.
உ-வுக்குப் பக்கத்தில் ஓர் எ-யைப் போட்டு
பத்து வருடம் சமாளித்திருக்கிறார்.
அதற்கென்ன, பத்து வரி நிரல் என்றேன்:
உ-வும் எ-யும் சேர்ந்து வந்தால் புள்ளி வை.
என்டரைத் தட்டிவிட்டு கேக் எடுக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது
எல்லாப் பாட்டிலும் தீ அணைந்திருந்தது.

ஃபொயர் என்ற சொல்லுக்குள்
பிறவியிலேயே அந்த இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன,
எனக்குத் தோன்றவில்லை.
கொல்லன் பாட்டில் தீ இல்லை.
குளிர்காலப் பாட்டில் அடுப்பு மட்டும் இருந்தது.
'புதிய' என்று தொடங்கிய நாற்பது பாடல்கள்
புதுசும் இல்லை, பழசும் இல்லை.
எக்கெஹார்ட் சிரிக்கவில்லை.
நகல் எடுத்து வைத்தாயா என்று மட்டும் கேட்டார்.
வைத்திருந்தேன்.

புள்ளியின் அருமை எனக்கா தெரியாது?
எழுத்துரு இல்லாத கணினியில்
அண்ணனின் மின்னஞ்சலைத் திறந்த நாட்களில்
அம்மா என்பது
எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.
அந்த அரைப்புள்ளிதான் மெய்யை மெய்யாக்கியது.
அப்படியே வாசிக்கப் பழகியிருந்தேன்.
சுகமாம். மருந்து கிடைக்கிறதாம்.

ஒன்பதரை மணிக்கு, பாட்டு 4417.
குறிப்பு எழுத நாற்பது இடம்தான் விட்டிருந்தார்கள்;
மிஞ்சியதைப் பழைய நிரல் யாரையும் கேட்காமல் வெட்டியிருக்கிறது.
சுரங்கத் தொழிலாளர் கல்யாணப் பாட்டு, ஏழு அடி.
குறிப்பு:
'பாடியவர் கடைசி அடிக்கு முன் எழுந்து போய்க் க'

கதவைச் சாத்தினார், என்றாள் உல்ரிகே.
கண்ணைத் துடைத்தார், என்றாள் நுராய்.
கழிப்பறைக்குப் போயிருப்பார், என்றார் எக்கெஹார்ட்.
எழுதியது நீங்கள்தானே?
நான்தான். நினைவில்லை.

ஏழாவது அடி பாட்டில் இருக்கிறது.
அப்படியென்றால் அவர் திரும்பி வந்திருக்கிறார்,
அல்லது வேறு யாரோ பாடி முடித்திருக்கிறார்கள்.

இப்போது எத்தனை இடம் என்று கேட்டாள் கெர்லிண்டே.
வரம்பு இல்லை என்றேன்.
யாரும் எதுவும் எழுதச் சொல்லவில்லை.
கீழே யாரோ ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு
அது நிற்கும்வரை காத்திருந்தார்கள்.

க-வை அப்படியே விட்டேன்.
நான்கு திரைகளிலும் பார்த்தோம்: க, க, க.
நான்காவதில் ஒரு கட்டம்.
எழுத்துரு இறக்க வேண்டும்.

கடைசி ரயிலுக்கு ஓடும்போது
கெர்லிண்டே மாடியிலிருந்து கத்தினாள்,
அடுத்த வியாழன் கேக் உன் முறை.