எட்டுக் குட்டி, பதினான்கு மேசை

குத்தாயிசியில் கல்யாண மேசையில்
துணி தெரியக் கூடாது.
தட்டின்மேல் தட்டு, அதன்மேல் இன்னொன்று.
முழங்கை ஊன்ற இடமில்லாமல்
விருந்தாளி திணறினால்தான் பெண்வீட்டுக்கு மரியாதை.

நான் மருந்துக்கடையில் கணக்கு எழுதுகிறவள்.
எனக்குத் துணி தெரிந்தது.
துணிக்குக் கீழே பலகையும் தெரிந்தது.

கையிருப்பு பதினோராயிரம் லரி.
பாதி என் சீட்டுப்பணம்,
பாதி வாஜா போலந்துத் தொழிற்சாலையில்
இரண்டு குளிர்காலம் கோழி வெட்டியது.
வருகிறவர்கள் நூற்று நாற்பது பேர்.

உணவகக்காரர் கோச்சா மூன்று விலை சொன்னார்:
தலைக்கு எழுபது, தொண்ணூற்றைந்து, நூற்றிருபது.
நூற்றிருபதில் ஸ்டர்ஜன் மீன்.
தொண்ணூற்றைந்தில் கன்றிறைச்சி.
எழுபதில்
வால்நட் அரைத்த குழம்பில் ஆறவைத்த வான்கோழி,
பாலாடைக்கட்டி பொதிந்த ரொட்டி,
கீரை உருண்டை, கத்தரிக்காய்ச் சுருள்,
மண்சட்டியில் கொத்தமல்லி மணக்கும் பீன்ஸ்.
"வயிறு நிறையும். ஆனால் ஊர் பேசும்" என்றார்.

"எழுபது."

வாஜாவின் அம்மா சியாலா
அதுவரை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.
"பன்றிக்குட்டி?" என்றார்.
முழுசாகச் சுட்டு, வாயில் முள்ளங்கி செருகி,
மேசைக்கு ஒன்று.
ஒன்று நூற்றைம்பது.

விரலுக்கேற்ற வீக்கம் என்று
நாக்கு நுனிவரை வந்தது.
பென்சிலைச் சீவினேன்.
சாப்பாடு போக மிச்சம் ஆயிரத்து இருநூறு.
எட்டுக் குட்டி.
ஆறு மேசைக்குக் கிடையாது.

எந்த ஆறு?

மார்னெவுலியிலிருந்து வரும்
வாஜாவின் சக ஓட்டுநர்கள் பன்றி தொடமாட்டார்கள்.
அவர்களுக்கு ஆற்றுமீன் வேண்டும், அதற்குக் காசில்லை.
கோச்சா தலையைச் சொறிந்தார்.
போன மார்கழியில் அவருடைய ரத்த அழுத்த மாத்திரைக்குப் பதில்
அதே மருந்தை அரை விலையில் எடுத்துக் கொடுத்தவள் நான்.
"பத்து மீன் என் கணக்கு" என்றார், சுவரைப் பார்த்து.

குழந்தைகள் மேசை: ரொட்டியும் எலுமிச்சைப் பானமும் போதும்.
என் கடைப் பெண்கள்: இரண்டு பேர் மாசமாக இருக்கிறார்கள்,
வறுத்த கொழுப்பு வாசம் ஆகாது.
தேவாலயப் பாடகர்கள்: பத்துப் பேருக்கும் சேர்த்து
நாற்பது பல் இருந்தால் அதிகம்.
மேளக்காரர், படம் பிடிக்கிறவர்: நின்றபடியே தின்பவர்கள்.

ஐந்து.

பென்சில் நின்றது.
ஆறாவது யாராக இருந்தாலும்
பத்து வருஷம் அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.
வாஜா தாளைத் தன் பக்கம் இழுத்து
எங்கள் மேசையில் ஒரு கோடு போட்டான்.
"அன்றைக்கு நமக்கு எங்கே பசிக்கப் போகிறது."

சியாலா எழுந்து வெளியே போய்விட்டார்.

அக்டோபர், சனிக்கிழமை, மழை.
தமதா ஒவ்வொரு வாழ்த்தையும்
கால் மணி நேரம் இழுத்தார்.
மாமாவின் மது நல்லவேளை மாமாவினுடையது, விலையில்லை.
துணி தெரியவில்லை.
நானே குனிந்து பார்த்தேன்:
தக்காளித் தட்டுக்கும் ஊறுகாய்க்கும் நடுவே
ஒரு விரலகலம் மட்டும் வெள்ளை.

இரவு இரண்டு மணிக்கு
வெள்ளை உடையைத் தூக்கிப் பிடித்தபடி
சமையலறைக்குப் போனேன். பசி கண்ணை அடைத்தது.
அங்கே சியாலா, செருப்பைக் கழற்றிவிட்டு,
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து
சட்டியின் அடிபீன்ஸை ரொட்டியால் வழித்துக்கொண்டிருந்தார்.
ஒன்றும் சொல்லாமல் பாதி ரொட்டியைப் பிய்த்து நீட்டினார்.

எதிரே ஏழு தட்டில் எலும்பு.
எட்டாவது குட்டி மட்டும்
முள்ளங்கி விழாமல் முழுசாக.
"எந்த மேசை?" என்றேன்.
"என் பெரியப்பா மக்கள்.
முதல் காது யாருக்கு என்று
கடைசிவரை முடிவாகவில்லை."

பாத்திரம் கழுவும் மூன்று பெண்கள்
திரும்பாமலே தோள் குலுங்கச் சிரித்தார்கள்.
சியாலா கத்தியை எடுத்தார்.
மூன்று பொட்டலம் கட்டினார்.
பிறகு என்னைப் பார்த்துவிட்டு
காதை மட்டும் அறுத்து
என் ரொட்டிமேல் வைத்தார்.