மட்டம்

கௌனாஸில் பாதிப் பேருக்குப்
பல் துளைத்தவர் வீத்தெனிஸ்.
சுவர் என்ன பெரிய சுவர், என்றார்.
முதல் துளையிலேயே குழாய்.

வெளியே மைனஸ் பதினான்கு.
தண்ணீரை அடைத்தோம்.
ஒன்பது நாளாய்
கீழ்வீட்டு யாட்வீகாவின் குளியலறைக்குத்
துண்டும் செருப்புமாய் இறங்குகிறேன்.
அவள் நாய்க்கு நான் பழகிவிட்டேன்.

பழைய ஓடுகளைப் பெயர்த்தாயிற்று.
புதிதில் பதினேழு ஒட்டியாயிற்று.
ரசமட்டத்துக் குமிழி நட்டநடுவில் நிற்கிறது,
கோர்ட்டில் சத்தியம் செய்கிறவன் மாதிரி.
எட்டி நின்று பார்த்தால்
பதினேழும் ஒருபக்கமாய்ச் சரிகின்றன.

சாய்ந்திருப்பது தரை என்று
நள்ளிரவில் கண்டுபிடித்தார்.

முப்பது வருடம் இந்தச் சரிவில் நின்றுதான்
பல் துலக்கினோம்,
பேச்சை நிறுத்தினோம்,
கைதவறிய மாத்திரையை
எப்போதும் கதவோரம் போய்த் தேடினோம்.
ஏன் கதவோரம் என்று
ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

"மட்டத்துக்கு ஒட்டவா, வீட்டுக்கு ஒட்டவா?"
கரண்டியில் பசை இறுகிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு, என்றேன்.

குமிழி மேட்டுப்பக்கம் போய் ஒண்டிக்கொண்டது.
அதைப் பெட்டியில் போட்டு,
நோயாளியிடம் சொல்வதுபோல்
என்னிடம் சொன்னார்:
இன்று ஒருநாள் இந்தப் பக்கம் கடிக்காதே.

யாட்வீகாவின் சாவி
இன்னும் என் பையில்.