லிட்டருக்கு ஒன்பது புள்ளி எட்டு

பதினாறு என்று போட்டிருந்தது விளம்பரத் தாளில்.
நான் ஓட்டினால் ஒன்பது புள்ளி எட்டு.

மிச்சம் ஆறு சொச்சம் கிலோமீட்டர்
எங்கே போய் விழுகிறதென்று
அசாஹிகாவா பெட்ரோல் பங்கில்
கையுறையைக் கழற்றிவிட்டு
ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடுவேன்.
பேனா மை உறைந்துபோகிறது. அதனால் பென்சில்.

பதினாறு கொடுத்த காரில்
ஆள் இருந்திருக்காது, எதிர்க்காற்று இருந்திருக்காது,
ஜனவரி இருந்திருக்காது.
என் காரில்
தோமொயுகிக்குப் பத்து நாள் சாப்பாடு, டப்பா டப்பாவாக.
மியோரியின் பனிச்சறுக்குக் கட்டைகள்.
நடு சீட்டில் உட்காரமாட்டேன் என்கிற கென்ஷி.
கூரைமேல், போன கோடையில் ஏற்றிய பெட்டி;
இறக்க இரண்டு பேர் வேண்டும்.
காலையில் கண்ணாடியின் பனி உருகும்வரை
நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடும், இருபது நிமிடம்.
தூரம் பூஜ்யம்.
பெட்ரோல் பூஜ்யமில்லை.

கித்தாமி கிளைக்கு மாற்றிவிட்டார்கள் தோமொயுகியை.
"நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, குடிக்கத்தான் செய்யும்"
என்று போனில் சிரிப்பான்.
யானையைக் கட்டித் தீனி போடுவது நான்.
இரண்டு வாரத்துக்கொரு முறை
நூற்று எழுபது கிலோமீட்டர், நடுவில் செகிஹோக்கு கணவாய்.
அங்கே பனி கொட்டினால் சாலை தெரியாது.
ஓரம் இதுதானென்று
உயரக் கம்பங்களில் அம்புக்குறிகள் தொங்கும், கீழே பார்த்தபடி.
ஓர் அம்பிலிருந்து அடுத்த அம்புக்குப் போவேன்,
அவ்வளவுதான் பயணம்.

போன வருடம் உச்சிக்குச் சற்று முன்
ஒரு லாரி குறுக்கே நின்றது.
பள்ளத்தில் இரண்டு சின்ன கார்கள், விளக்குகள் வானத்தைப் பார்த்து.
மியோரி என் சீட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.
"முன்னால ரெண்டு இழுக்குது, பின்னால ரெண்டு தள்ளுது.
நமக்கென்ன?" என்றேன்.
பிரேக்கைத் தொடவில்லை. ஏறிவிட்டோம்.
அன்றைக்கு எட்டு புள்ளி ஒன்பது.
பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன்:
பரவாயில்லை, இதற்குத்தானே.

மார்ச்சில்,
இரண்டு வருடத்துக்கொரு முறை வரும் அரசாங்கப் பரிசோதனை.
மெக்கானிக் ஓசானாய் காரைத் தூக்கிப் பார்த்தார்,
கை துடைத்தபடி வந்தார், மறுபடி துடைத்தார்.
"பின் சக்கரத்துக்கு விசையே போகவில்லையே.
இணைப்பு செத்து ஒன்றரை வருடமாவது இருக்கும்.
விளக்கு எரிந்திருக்குமே, மஞ்சளாக?"

இருவரும் குனிந்து பார்த்தோம்.
விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பென்குயின்.
கென்ஷி ஒட்டியது, நான்கு வயதில்.
அழகாக இருக்கிறதென்று நானும் விட்டுவிட்டேன்.
ஓசானாய் நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினார்.
இரண்டு குளிர்காலம்
அந்தப் பறவையின் வயிற்றுக்குள்ளேயே எரிந்திருக்கிறது.

ஆக,
பின்னால் இருந்த இரண்டும் சும்மா உருண்டிருக்கின்றன.
அந்தத் தண்டு, பல்சக்கரம், அத்தனை இரும்பையும்
மலைமேல் சுமந்துபோய், மலைமேலிருந்து சுமந்துவந்து
தள்ளுகிறது, தள்ளுகிறது என்று
குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.
அந்த லாரியை நினைத்தேன்.
வொர்க்‌ஷாப் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.
ஓசானாய் ஒரு டப்பா காபி கொண்டுவந்து வைத்தார்,
விலை எவ்வளவென்று சொல்லுமுன்.

சரிசெய்தாயிற்று.
தோமொயுகியிடம் "பராமரிப்பு" என்று மட்டும் சொன்னேன்.
இந்த ஜனவரியில், அதே சாலை, அதே டப்பாக்கள்:
ஒன்பது புள்ளி நான்கு.
பெட்டி இன்னும் கூரைமேல்தான்.

இப்போது நாலும் நிஜமாகவே இழுக்கின்றன.
அதே வளைவில் எனக்குக் கை வியர்க்கிறது.
"அம்மா, பின்னால தள்ளுதா?" என்கிறான் கென்ஷி.
"தள்ளுது" என்கிறேன்,
முன்பு சொன்ன அதே குரலில் வருகிறதா என்று
காதைத் தீட்டிக்கொண்டு.