ஐம்பத்தொன்று, அறுபத்தொன்று

திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குக் காலை ஐந்தரை பஸ்.
மடியில் பெட்டி. பெட்டிக்குள்
சுட்டுவிரல் நீளத்தில் ஒரு போத்தல்.
வெளிச்சம் ஆகாது அதற்கு,
கைக்குழந்தை மாதிரி துவாயில் சுற்றியிருக்கிறேன்.
நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி:
பஸ் பள்ளத்தில் விழும்போதெல்லாம்
கை தானாகப் பொத்துகிறது.

பள்ளிக்கூடத்தில் கரண்ட் இல்லை.
பரவாயில்லை, இந்த முறைக்குத் துளைக்க வேண்டாம்,
ஊசி வேண்டாம், அழுகைகூடப் பாதிதான்.
வாங்கில் கிடத்தி
நெற்றியில் ரோர்ச்சைக் கட்டி
உதட்டுக்கு வாஸ்லின் தடவி
பஞ்சால் ஈரம் ஒற்றி
ஒரு சொட்டு.
அறுபது எண்ணும்வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது நான்தான்.
வெள்ளியும் ஃபுளோரைட்டும் சூத்தைக்குள் இறங்கும்,
கிருமி சாகும், குழி இறுகும்,
பல் கறுக்கும்.
ஒப்புதல் படிவத்தில் இதைத்தான்
'நிறமாற்றம் ஏற்படலாம்' என்று எழுதியிருக்கிறார்கள்.
அந்த 'லாம்'இல்
எவ்வளவு மரியாதை.

ஸும்ரா. வயது ஐந்து.
மேல்வாயின் முன்பற்கள் இரண்டும்.
ஐம்பத்தொன்று, அறுபத்தொன்று என்று எழுதிக்கொண்டேன்.
எங்களுக்குப் பல் என்றால் இலக்கம்.
தன் பெயரின் முதல் எழுத்தை
எந்தப் பல்லில் நாக்கை அணைத்து அவள் சொல்கிறாள் என்பதற்குப்
படிவத்தில் கேள்வி இல்லை.

உம்மா ஜெஸீமா கேட்டா:
"முன்னுக்கா கறுக்கும்? பெருநாள் வருகுது மிஸ்.
வெள்ளையா ஒண்டு வைக்க ஏலாதா?"

ஏலும். டவுனில். காசுக்கு.
அவவின் புருஷனுக்குக் கனிய மணல் ஆலையில்
நாலு நாள் சம்பளம், ஒரு பல்லுக்கு.
அதைச் சொல்லாமல்
"கறுத்தால் சூத்தை நிண்டிட்டுது எண்டு அர்த்தம்" என்றேன்.
அது உண்மை.

"உங்கட புள்ளைக்கும் இதையா போட்ட நீங்க?"

ரோர்ச்சை அணைத்தேன். மறுபடி போட்டேன்.
பஞ்சுருண்டைகளை எண்ணினேன், பதினாலு.
என் மகனுக்கு வெள்ளை.
போன ஆவணியில், உவர்மலையில்,
குளிரூட்டிய அறையில், கார்ட்டூன் ஓட ஓட.

"ஓம்" என்றேன்.
அவ ஒப்பம் வைத்தா.

ஆறு மாதம் கழித்து அதே வாங்கு.
கொக்கி நுனியால் மெல்லத் தட்டினேன்.
உள்ளே இறங்கவில்லை.
பீங்கானில் அரிசி விழுந்த சத்தம்.
நிறம்: கறுப்பு. கடினம்: ஆம். வலி: இல்லை.
மூன்று சரி போட்டுத் தாளைத் திருப்பப் போனேன்.

அவள் சட்டைப்பையிலிருந்து
உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்தாள்.
இந்தக் கரையில் பாதிப் பிள்ளைகளிடம் இருக்கும்:
மணலில் இழுத்தால்
கறுப்பு மட்டும் மயிர்க்கூச்செறிந்து எழும்,
வெள்ளை கிடந்த இடத்தில் கிடக்கும்.
ஈ என்று இளித்து
பல்லில் வைத்துக் காட்டினாள்.

"பாருங்க மிஸ், ஒட்டல்ல.
வகுப்புல மண்ணுப்பல்லு எண்டு சொல்றானுவள்.
மண்ணெண்டா ஒட்டும்தானே."

ஒரு தடவை அல்ல.
மூன்று நாள், மூன்று காந்தம்,
ஒன்று மூத்தாப்பாவின் கடையில் இரவல் வாங்கியது.
சரிபார்க்கத் தம்பியின் வெள்ளைப் பல்லிலும் வைத்திருக்கிறாள்.
எங்கள் ஆய்வுக் குழுவில்
இவ்வளவு பொறுமை யாருக்கும் இருந்ததாக ஞாபகம் இல்லை.

'வேறு குறிப்புகள்' கட்டத்தில் எழுதினேன்:
காந்தம் ஒட்டவில்லை.
கொழும்பிலிருந்து யாராவது கோல் எடுத்து
இதென்ன என்று கேட்பார்கள்.
கேட்கட்டும்.

அதன் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடமிருந்தது.
ஒரு 'ஓம்' பொய் என்று எழுத
அதுவே தாராளம்.
பேனை மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் இருந்தேன்.
அடுத்த பிள்ளை கதவடியில்
செருப்பைக் கழற்றவா வேண்டாமா என்று நின்றது.

என் ஆட்காட்டி விரலில் போன வாரத்துச் சொட்டு,
தவிட்டு நிறத்தில்.
சவர்க்காரத்துக்குப் போகாது, நாள்தான் போக்கும்.
ஸும்ரா அதைக் கண்டுவிட்டாள்.
என் கையைப் பிடித்து இழுத்து
கறையின் மேல் காந்தத்தை அழுத்தி
தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதும் ஒட்டல்ல" என்றாள்.