தன்மை ஒருமை

பீல் நகரில் தெருவுக்கு இரண்டு பெயர்,
ஜெர்மன் மேலே, பிரெஞ்சு கீழே.
மூன்றாவதை வாயில் வைத்துக்கொண்டு
ஆஸ்பத்திரிப் படியேறுகிறேன்.
மணிக்கணக்குச் சம்பளம், பயணப்படி தனி.

எங்களுக்கு ஒரு விதி உண்டு:
"அவர் சொல்கிறார்" என்று சொல்லக்கூடாது.
அவர் நான் என்றால் நானும் நான்.
ஆகவே போன மார்கழியில்
என் அடிநாக்கில் கட்டி இருந்தது.
தை மாதம் எனக்கு முகமூடி செய்தார்கள்.
வெந்நீரில் இளகிய வலை
நெற்றியில், மூக்கில், தாடையில் படிந்து இறுகியது.
முப்பத்துமூன்று நாள் என்னை மேசையோடு பூட்டினார்கள்.
நான் கதவுக்கு வெளியே
கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

கதிர் வளையாதாம், அதன் அளவுதான் வளையுமாம்.
முன்பெல்லாம் இரண்டு பக்கமும் மதகு திறந்ததுபோல் பாயும்,
போனது போனதுதான்.
இப்போது பல திசையிலிருந்து மெலிந்தும் தடித்தும் வந்து
ஒரு சுரப்பியை மட்டும் சுற்றிக்கொண்டு போகிறது,
படுத்திருக்கும் பிள்ளையை மிதிக்காமல்
விளக்கணைக்கப் போகிறவள்போல.
டாக்டர் வுல்லெமியே திரையில் நிறங்களைக் காட்டினார்.
"இடப்பக்கத்தைக் காப்பாற்றினோம்.
வலப்பக்கம் முடியவில்லை, கட்டி அங்கே சாய்ந்திருந்தது."
தமிழில் சொன்னேன்.
கனகேந்திரம் அண்ணை வலது கன்னத்தை
விரலால் மெல்லத் தட்டிப் பார்த்தார்,
குடியிருந்தவர் காலிசெய்த அறையின் கதவை
ஒருதரம் தட்டிப் பார்ப்பதுபோல.

இன்று ஒன்பதாம் மாதம். கேள்வித்தாள்.
கடந்த ஏழு நாட்களில் எப்படி?
இல்லவே இல்லை, கொஞ்சம், ஓரளவு, மிக அதிகம்.

உமிழ்நீர் போதாமல் இருக்கிறதா என்றேன்.
"உமிழ ஆர் கேட்டது, தங்கச்சி?
விழுங்கத்தான் தேவை."
எச்சில் என்று மாற்றினேன்.
"அது மற்றவைக்கு அருவருப்பு.
எனக்கு இப்ப பொன்."
நான் ஜெர்மனில் சொன்னேன்: மிக அதிகம்.
நர்ஸ் நாலாவது கட்டத்தில் கோடு போட்டாள்.

பாண் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.
ஒரு பிடி புட்டுக்கு அரைச்சட்டி சொதி.
பிறந்தநாள் வீடொன்றில்
ஒரு வாய் விழுங்க மூன்று தரம் தலைகுனிந்தாராம்,
மேசையில் கதை நின்றுவிட்டதாம்.
அதற்குப் பிறகு எந்த வீட்டுக்கும்
"வயிறு சரியில்லை."
இது எந்தக் கட்டம், இரண்டா மூன்றா?
ரயில்பெட்டி கழுவும் இரவு வேலைக்குத் திரும்பிவிட்டார்.
"அங்கை பிரச்சினையில்லை.
யன்னல் ஒண்டும் கேக்காது."
முகமூடி?
நிலவறையில், பனிக்கால டயர்களுக்குப் பக்கத்தில்.
எறிய மனமில்லை, பார்க்கவும் மனமில்லை.

அடுத்தது கணவன் மனைவி பற்றிய கேள்வி.
தண்ணீர் குடித்தேன்.
எல்லாவற்றையும் கேட்டேயாக வேண்டும்.
அதற்கு நம்மிடம் உள்ள சொற்களில்
பாதி பாட்டில் இருக்கிறது, மீதி சண்டையில்.
நடுவில் ஒன்றுமில்லை.
அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கூரையை.
"அதுக்குக் கொஞ்சம் எண்டு போடுங்கோ, தங்கச்சி."
இருவருக்கும் சிரிப்பு வெடித்தது,
அவருக்கு இருமலும்.
என்ன சிரிப்பு என்று நர்ஸ் கேட்டாள்.
மொழிபெயர்க்கவில்லை.
பதினோரு வருடத்தில் இது முதல் தரம்.

பிறகு ரயில் நிலையத்தில்,
எதிர் இருக்கையில் ஒரு பையன்
மண்டரின் பழம் உரித்தான்.
தோல் கிழிந்து சாறு தெறித்தது.
டயர் விலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்
பாதிச் சொல்லில் நின்றார்.
இடது காதுக்குக் கீழே கை போனது.
"ஊறுது," என்றார்.
அவ்வளவுதான்.

என் வாயும் ஊறியது,
எந்த விதியும் கேட்காமல்.

தாள் அங்கே, நாலாவது கட்டத்தில் கோடோடு.
கேள்வியோ கடந்த ஏழு நாளைப் பற்றியது,
இது அதற்குள் வராது.
திரும்பிப் போகலாமா என்று நான் யோசிப்பதற்குள்
நியூஷாத்தெல் ரயில் வந்து நின்றது.
அவர் ஏறவில்லை உடனே.
யன்னல் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார்,
நேற்று இரவு யார் துடைத்தது என்று.